தொங்கும் கற்றாழையை மண்ணுக்குத் திருப்புவோம்



நம் சமுதாயத்தார் வாழும் தெருக்களில் சில வீடுகளின் தலைவாசலில் ஒரு காட்சியைக் காண்கிறோம். நிலைக்கு மேலே ஆயத்துல் குர்ஸி எழுதிய சட்டம் மாட்டப்பட்டிருக்கும். அதற்கு ஒரு சாண் தள்ளி, வேரோடு பிடுங்கிய சோற்றுக்கற்றாழை ஒன்று கயிற்றில் தலைகீழாகத் தொங்கும். சில இடங்களில் அதனுடன் படிகாரக் கட்டியும் சேர்ந்திருக்கும். புதுவீடு கட்டிக் குடிபுகுந்தோரும் புதிதாகக் கடை திறந்தோரும் இதை அதிகம் செய்கின்றனர். காரணம் கேட்டால், "கண்ணேறு படாமலிருக்கத்தான்" என்பர்.

அதே வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் ஆசையாக ஒரு சின்னஞ்சிறு முள்கள்ளித் தொட்டியை வாங்கி வந்தால், "முள்செடி வீட்டுக்குள் இருந்தால் சண்டை வரும், வெளியே கொண்டு போய் வை" என்று அதட்டுவோரும் உண்டு. ஒரு செடிக்குக் காவல் உத்தியோகம் கொடுக்கிறோம். இன்னொன்றின் மீது குற்றம் சாட்டுகிறோம். இரண்டும் அல்லாஹ்வின் படைப்புகள். அவற்றிடம் இல்லாத ஆற்றலை நாமாக அவற்றின் மீது ஏற்றி வைக்கிறோம்.

நம் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். வாசலில் தொங்கும் கற்றாழையை இறக்கி ஒரு தொட்டியில் நட வேண்டும். பிள்ளை கொண்டுவந்த கள்ளிக்குச் சன்னலோரத்தில் ஓர் இடம் தர வேண்டும். இது ஈமானோடு தொடர்புடைய விஷயம். செடி வளர்ப்போடும் தொடர்புடையது. ஆகவே இரண்டையும் சேர்த்தே பேசுவோம்.

கண்ணேறும் கயிறும்

கண்ணேறு உண்மை என்பதில் நமக்கு ஐயமில்லை. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் அது பற்றிய நபிமொழி இடம்பெற்றுள்ளது. ஆனால் அதற்குரிய தீர்வையும் அதே தூதர் (ஸல்) அவர்கள்தாம் கற்றுத் தந்துள்ளார்கள். தம் பேரர்கள் ஹஸன், ஹுஸைன் (ரலி) ஆகியோருக்காக அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி அவர்கள் ஓதியதையும், இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் புதல்வர்களுக்கு அவ்வாறே பாதுகாப்புத் தேடியதாகக் கூறியதையும் புகாரியில் காண்கிறோம். பிறரிடம் அழகிய பொருளொன்றைக் கண்டால் அதில் பரகத் வேண்டி துஆச் செய்யும்படி அறிவுறுத்தியிருக்கிறார்கள். ஃபலக், நாஸ் ஆகிய இரு ஸூராக்கள் நம் பிள்ளைகளுக்கு மக்தபின் முதல் ஆண்டிலேயே மனப்பாடமாகிவிடுகின்றன. கையில் இவ்வளவும் இருக்க, வாசலில் கயிறு எதற்கு?

கயிறு பற்றியும் மார்க்கம் மௌனமாக இல்லை. ஒரு பயணத்தில் ஒட்டகங்களின் கழுத்தில் கட்டப்பட்டிருந்த வில் நாண்களை அறுத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் ஆளனுப்பி அறிவித்ததை அபூபஷீர் அல்அன்ஸாரி (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இதுவும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. கண்ணேறுக்காக அவை கட்டப்பட்டிருந்ததாலேயே அவ்வாறு கூறப்பட்டது என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் விளக்கம். பைஅத் செய்ய வந்த பத்துப் பேரில் ஒருவருடைய பைஅத்தை மட்டும், அவர் தாயத்து அணிந்திருந்ததால் ஏற்காமல், அதை அவர் அறுத்தெறிந்த பின்னரே ஏற்றுக்கொண்ட நிகழ்வு முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது.

குர்ஆன் வசனங்களை எழுதி அணிவது கூடுமா என்பதில் உலமாக்களிடையே பழங்காலத்திலிருந்தே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்தை இங்கே நாம் தொடவில்லை. இறைவசனமும் அல்லாத, மருந்தும் அல்லாத ஒரு செடியை, அது தீங்கைத் தடுக்கும் என்று நம்பித் தொங்கவிடுவது அந்தக் கருத்து வேறுபாட்டின் எல்லைக்குள் வருவதில்லை. பாதுகாப்பவன் அல்லாஹ் ஒருவனே என்று நிலைக்கு மேலே எழுதிவைத்துவிட்டு, பக்கத்திலேயே வேறொரு காவலுக்கும் ஏற்பாடு செய்வது எத்தகைய முரண் என்பதை வீட்டார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொங்கும் செடி ஏன் உடனே சாவதில்லை?

"ஹஸ்ரத், மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் ஆறு மாதமாகப் பச்சையாக இருக்கிறது. அதில் ஏதோ இருக்கத்தானே செய்கிறது?" என்று கேட்போர் உண்டு. இருப்பது உண்மைதான். அல்லாஹ் அதற்குள் வைத்த அமைப்பு அது.

சோற்றுக்கற்றாழையின் பூர்வீகம் அரேபியத் தீபகற்பம் எனத் தாவரவியலாளர் கருதுகின்றனர். ஆண்டுக்குச் சில மழையே காணும் கல்லும் மணலும் நிறைந்த நிலம் அது. ஆகவே இச்செடி கிடைத்த நீரையெல்லாம் தடித்த மடல்களில் சோறாகச் சேமித்துக்கொள்கிறது. ஏனைய செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. அப்போது நீரும் ஆவியாகி வெளியேறுகிறது. கற்றாழையும் கள்ளியும் பகலில் துளைகளை மூடிக்கொள்கின்றன. வெயில் தணிந்து இரவு குளிர்ந்த பிறகே திறந்து கரியமில வாயுவை உள்வாங்கிச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் அதைக் கொண்டு உணவு சமைக்கின்றன. நீரிழப்பு இதனால் பெரிதும் குறைகிறது.

எனவே வாசலில் தொங்கும் கற்றாழை, தன் மடல்களில் உள்ள சேமிப்பைத் தானே தின்று நாள் கடத்துகிறது. அடிமடல்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கிக் காய்வதைக் கவனித்தால் இது விளங்கும். சேமிப்புத் தீர்ந்ததும் காய்ந்துபோகும். அப்போது, "வீட்டுக்கு வந்த கண்ணை அது வாங்கிக்கொண்டது" என்று சொல்லி இன்னொன்றை வாங்கிக் கட்டுகிறார்கள். செடி பிழைத்தாலும் நம்பிக்கைக்குச் சான்று, செத்தாலும் சான்று! பசியில் கிடக்கும் ஓர் உயிரின் மெலிவை நம் வீட்டின் பாதுகாப்புக்கு அடையாளமாக எண்ணுவது என்ன நியாயம்?

முள்ளின் மீது சுமத்திய பழி

முள்கள்ளியின் வழக்கு வேறு வகையானது. அது வீட்டில் இருந்தால் சச்சரவு வரும், பணம் தங்காது என்றெல்லாம் சொல்லப்படுகிறது. சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் மறுத்ததும், நல்ல சொல்லைக் கேட்டு நல்லெண்ணம் கொள்வதை விரும்பியதும் புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ள செய்தி. வீட்டில் சண்டை வருவது பெரும்பாலும் நாவினால். நாவை விட்டுவிட்டுச் செடியை வெளியேற்றுவதால் எந்தக் குடும்பமும் சீராகிவிடாது.

கள்ளி என்ற பெயருக்கே நம் நாட்டில் ஒரு கறை உண்டு. பெண் குழந்தை பிறந்ததும் கள்ளிப்பால் புகட்டிக் கொன்ற கொடுமை தமிழகத்தின் சில பகுதிகளில் நடந்தது. அது மனிதன் செய்த பாவம், செடி செய்ததன்று. மேலும், நம் ஊர்க் காடுமேடுகளில் வளரும், உடைத்தால் பால் வடியும் கள்ளிகள் ஓர் இனம். தோட்டக்கடைகளில் சிறு தொட்டியில் விற்கப்படும் முள் உருண்டைகள் வேறோர் இனம். பின்னவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. முட்கள் கொத்துக்கொத்தாக முளைக்கும் இடத்தில் பஞ்சு போன்ற சிறு மெத்தை இருந்தால் அது அமெரிக்க இனம். கீறினால் பால் வந்தால் அது பெரும்பாலும் நம் ஊர்க் கள்ளியின் உறவு. அந்தப் பால் கண்ணில் படாமல் காக்க வேண்டும்.

முள்ளும் வீணாகப் படைக்கப்படவில்லை. கள்ளிக்கு முள்தான் இலை. இலை அகன்றிருந்தால் நீர் ஆவியாகிவிடும். அது முள்ளாகச் சுருங்கியதால் நீர் காக்கப்படுகிறது. மேய வரும் விலங்குகளிடமிருந்து உடலும் காக்கப்படுகிறது. நெருக்கமான முட்கள் சுட்டெரிக்கும் வெயிலுக்குச் சிறிது நிழலும் தருகின்றன.

அரபு மொழியில் கற்றாழைக்கு 'ஸபிர்' என்று பெயர். பொறுமையைக் குறிக்கும் 'ஸப்ர்' என்ற சொல்லுக்கும் அதே ஸாத், பா, ரா என்ற மூன்றெழுத்துகளே வேர். கள்ளியைக் குறிக்கும் 'ஸப்பார்' என்பதும் அவ்வெழுத்துகளையே கொண்டது. இஹ்ராமில் இருப்பவருக்குக் கண்நோய் கண்டால் ஸபிரைக் கொண்டு கட்டலாம் என்று உஸ்மான் (ரலி) வழியாக அறிவிக்கப்படும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. நம் சித்த மருத்துவமும் கற்றாழைச் சாற்றின் உலர்ந்த கட்டியைக் கரியபோளம் என்ற பெயரில் அறிந்திருக்கிறது. மருந்தாக மதிக்கப்பட்ட ஒன்றைத்தான் இன்று தாயத்தாக்கி வைத்திருக்கிறோம்.

இறக்கி நடுவது எப்படி?

இதுவரை செடியே வளர்த்திராத வீட்டாருக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

தொங்கும் செடியை இறக்கியதும் காய்ந்த மடல்களையும் நார் போல் உலர்ந்த வேர்களையும் கத்தரித்துவிடுங்கள். அடித்தண்டு கெட்டியாக இருந்தால் செடி பிழைக்கும் என்று நம்பலாம். அடியில் துளையுள்ள மண்தொட்டி சிறந்தது. மண்தொட்டியின் சுவர் ஈரத்தை வெளியேற்றும். பிளாஸ்டிக் தொட்டியில் ஈரம் நெடுநாள் தங்கும். துளையில்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் அழகுக்காக நட்டுத் தருவதை வாங்கினால், முதல் வேலையாகத் துளையுள்ள தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். தொட்டி பெரிதாக இருக்கத் தேவையில்லை. வேர்ப்பகுதியைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும்.

மண்கலவை எளிதானது. செம்மண் ஒரு பங்கு, பெருமணலோ பொடித்த செங்கல் துண்டுகளோ ஒரு பங்கு, நன்கு மக்கிய எரு அரைப் பங்கு. கள்ளிக்கு மணலும் செங்கல் துண்டும் இன்னும் கூடுதலாக இருக்கட்டும். மாவு போன்ற நுண்மணல் வேண்டா. அது இறுகி நீரைத் தேக்கும். தென்னைநார்க் கழிவில் மட்டும் நட்டால் ஈரம் விடாது. நட்ட மூன்று நான்கு நாள் தண்ணீர் ஊற்றாமல் நிழலில் வையுங்கள். அறுபட்ட வேர்கள் ஆறும். பிறகு நன்றாக ஒருமுறை நீர் விடுங்கள். அடுத்த சில வாரங்களில் நடுக்குருத்திலிருந்து புது மடல் எட்டிப் பார்த்தால் செடி வேர்பிடித்துவிட்டது என்று பொருள்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, கிழக்குப் பார்த்த சன்னலும் காலை வெயில் படும் மாடமும் பொருத்தமானவை. நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் மொட்டைமாடியின் சித்திரை வெயிலில் வைத்தால் மடல்கள் செம்பழுப்பாகக் கருகும். இரண்டு வாரக் காலத்தில் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். வெளிச்சமே இல்லாத மூலையில் வைத்தால் கள்ளி ஒல்லியாக நீண்டு, உச்சி வெளிறிப்போகும். வரவேற்பறை அலமாரிக்கு அது அலங்காரப் பொருளன்று.

இனி, தண்ணீர். புதிதாக வளர்ப்போரிடம் இச்செடிகள் பட்டினியால் சாவது குறைவு. அன்பின் மிகுதியால் ஊற்றும் தண்ணீரால் அழுகிச் சாவதே அதிகம். நாள்தோறும் சிறிது தெளிப்பது தவறான முறை. ஊற்றும்போது அடித்துளை வழியே வடியும்வரை ஊற்ற வேண்டும். அதன்பின் மண் முழுவதும் காயும்வரை தொடக்கூடாது. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். அல்லது ஈர்க்குச்சியைச் செருகி எடுங்கள். ஈர மண் ஒட்டினால் இன்று தண்ணீர் இல்லை. கோடையில் ஏறத்தாழ வாரம் ஒருமுறை தேவைப்படலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பல வாரங்களுக்குத் தேவையே இராது. அப்போது தொட்டியை மழை படாத இடத்துக்கு நகர்த்த வேண்டும். தொட்டியின் கீழ்த் தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிட வேண்டும்.

செடி தன் நிலையைத் தானே தெரிவிக்கும். மடல் மெலிந்து உட்புறமாகச் சுருண்டால் தாகம். மடல் மஞ்சளித்து, தொட்டால் கொழகொழவென்று, அடியில் நாற்றம் வந்தால் நீர் மிகுதி. அப்போது உடனே பிடுங்கி, அழுகிய வேரை வெட்டி, சில நாள் நிழலில் உலர்த்தி, புதிய காய்ந்த மண்ணில் நட வேண்டும். வெண்பஞ்சு போல மாவுப்பூச்சி ஒட்டியிருந்தால், சோப்பு நீரில் சிறிது வேப்பெண்ணெய் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

தாய்ச்செடியின் பக்கத்தில் முளைக்கும் கன்றுகள் ஒரு விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்ததும் வேரோடு பிரித்து, ஓரிரு நாள் காயவிட்டு நடலாம். மடலை மட்டும் வெட்டி நட்டால் கற்றாழை பெரும்பாலும் அழுகிவிடும். ஒரு தொட்டியிலிருந்து சில ஆண்டுகளில் நான்கு வீடுகளுக்குக் கன்று கொடுக்கலாம். புதுமனை புகுந்தோருக்குக் கொடுக்க இதைவிட நல்ல அன்பளிப்பு எது? வாசலில் கட்டாதீர்கள் என்ற ஒரு வார்த்தையையும் அன்போடு சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

அளவறிதல் என்னும் பாடம்

ஸல்மான் (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபூதர்தா (ரலி) அவர்களுக்கு, உரிமையுடைய ஒவ்வொருவருக்கும் அவரவர் உரிமையை அளிக்கும்படி அறிவுரை கூறியதும், அதை நபி (ஸல்) அவர்கள் சரியென ஏற்றதும் புகாரியில் உள்ளன. உரிமையை அளிப்பது என்றால் நாம் விரும்பியதை வாரி வழங்குவதன்று; எதிரில் இருப்பவரின் தேவையை அறிந்து கொடுப்பது. நித்தம் நீர் கேட்கும் துளசிக்கும் புதினாவுக்கும் ஒரு முறை, வாரக்கணக்கில் காத்திருக்கும் கற்றாழைக்கு வேறொரு முறை. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கோலால் வளர்க்க முடியாது என்பதைப் பெற்றோரும் உஸ்தாதுகளும் இங்கிருந்து கற்கலாம்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்வார்கள், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பார்கள் என அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவு என்பது அறிஞர்களின் பழைய விளக்கம். குழாயை முழுவதும் திறந்துவிட்டு நாம் செய்யும் ஓர் உளூவில் வீணாகும் தண்ணீர், ஆறு அங்குலத் தொட்டியில் உள்ள கற்றாழைக்கு ஒரு வாரத்திற்கும் மேல் போதும். 2019 ஜூனில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் ஏறத்தாழ வறண்டுபோனதையும், குடங்களோடு மக்கள் லாரிக்குக் காத்து நின்றதையும் யாரும் மறந்திருக்க முடியாது. உளூச் செய்யும் இடத்தில் ஒரு பாத்திரம் வைத்து, சோப்புக் கலக்காத அந்த நீரைச் செடிகளுக்கு ஊற்றும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தால், நீரின் மதிப்பு அவர்கள் கைக்கே தெரிந்துவிடும்.

கடைக்காரரும் வாங்குவோரும்

சிறு கள்ளிகளை வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. முள் உருண்டையின் உச்சியில் பளிச்சென்ற காகிதம் போன்ற பூ இருந்தால் மெல்ல அசைத்துப் பாருங்கள். உலர்ந்த பூவைப் பசையால் ஒட்டி விற்பது உண்டு. சாயம் பூசிய கள்ளிகளும், கூழாங்கற்களைப் பசையிட்டு இறுக்கிய தொட்டிகளும் வருகின்றன. பசை செடியைப் புண்ணாக்கும். இறுகிய கல் நீரைத் தடுக்கும். சிவப்பு, மஞ்சள் தலை கொண்டவை ஒட்டுச்செடிகள். அந்த வண்ணத் தலையில் பச்சையம் இல்லை. கீழிருக்கும் பச்சைத் தண்டே அதற்கும் சேர்த்து உணவு சமைக்கிறது. ஆகவே அதன் ஆயுள் பெரும்பாலும் சில ஆண்டுகளே. இதை விற்பவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மேலே உலர்ந்த தானியமும் உள்ளே நனைந்த தானியமுமாக வைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்வு முஸ்லிமில் உள்ளது. தோட்டக்கடை நடத்தும் நம் சகோதரர்களுக்கும் அதே கண்டிப்புப் பொருந்தும்.

அவ்வாறே, "இரவில் கற்றாழை ஆக்ஸிஜன் தரும், அறைக்காற்றைச் சுத்தமாக்கும், படுக்கையருகே வையுங்கள்" என்ற வாட்ஸ்அப் செய்தியைப் பரப்புவதும் நன்றன்று. ஆக்ஸிஜன் உருவாக வெளிச்சம் வேண்டும். இரவில் இச்செடி வாங்குவது கரியமில வாயுவை. காற்றைச் சுத்தமாக்கும் என்ற பேச்சு 1989-இல் நாசா மூடிய பெட்டிகளுக்குள் செய்த ஆய்விலிருந்து கிளம்பியது. சாதாரண வீடுகளில் அந்தப் பயனைப் பெற ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள்வரை வேண்டியிருக்கும் என்று 2019-இல் வெளிவந்த மறு ஆய்வு கணக்கிட்டது. கேட்டதையெல்லாம் ஆராயாமல் பரப்புவது பொய்யனாவதற்குப் போதும் என்ற எச்சரிக்கை நமக்கு உண்டு. தாயத்தாகத் தொங்கவிட்டதை இறக்கிவிட்டு, அறிவியலின் பெயரால் இன்னொரு தாயத்தைத் தலைமாட்டில் வைத்துவிடக் கூடாது.

பிறருக்குத் தீங்கில்லாமல்

அடுக்குமாடியில் வசிப்போர் முள்தொட்டியைப் படிக்கட்டிலோ பொது நடைவழியிலோ வைக்க வேண்டா. பாதையில் கிடந்த முட்கிளையை அகற்றியவருக்கு அல்லாஹ் மன்னிப்பளித்ததாக நபிமொழி கூறுகிறது. அகற்றினால் மன்னிப்பு என்றிருக்க, நாமே கொண்டுபோய் வைக்கலாமா? மாடத்துத் தொட்டியின் நீர் கீழ்வீட்டார் காயப்போட்ட துணியில் சொட்டாதபடி பார்ப்பதும் அண்டை வீட்டாரின் உரிமையே.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், முயல்காது போலத் தட்டையாக, மென்மையான புள்ளிகளோடு இருக்கும் கள்ளியைத் தவிர்ப்பது நலம். அந்தப் புள்ளிகளெல்லாம் கண்ணுக்குத் தெரியாத முட்கள். கற்றாழையைப் பூனை கடித்துத் தின்றால் அதற்கு நஞ்சு. பூனை வளர்க்கும் வீட்டார் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

கற்றாழையை வெட்டியதும் தோலுக்கடியிலிருந்து வடியும் மஞ்சள் நிறச் சாறு கடும் பேதி மருந்து. சோற்றை எடுக்குமுன் மடலைச் சாய்த்து வைத்து அதை வடித்துக் கழுவ வேண்டும். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரைக் கேளாமல் இதை உட்கொள்ளலாகாது. தீக்காயம் பட்டால் முதலில் ஓடும் குளிர்ந்த குழாய் நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். பெரிய காயத்துக்கு மருத்துவமனைதான். "இயற்கைதானே" என்ற ஒரு சொல்லை நம்பி உடலை ஒப்படைப்பதும் அறியாமையே.

பெரியவர்களிடம் பேசும் முறை

"உம்மம்மா காலத்திலிருந்தே கட்டுகிறோம். நம்பிக்கையெல்லாம் ஒன்றுமில்லை, சும்மா ஒரு வழக்கம்" என்று சொல்லப்படுவதையும் நாம் அறிவோம். நம்பிக்கை இல்லை என்றால் இறக்குவதில் தயக்கமும் இருக்கக் கூடாது. கழற்றக் கை நடுங்கினால், அந்த நடுக்கம்தான் உள்ளே இருக்கும் நம்பிக்கை. ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைச் சோதித்துக்கொள்ள இது நேர்மையான அளவுகோல்.

ஆனால் இதைச் சொல்லும் இளைஞர்களிடம் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கத்தரிக்கோலோடு சென்று, வயதான நன்னியின் கண்முன்னே கயிற்றை அறுத்துக் குப்பையில் வீசுவது தஃவா அன்று. அந்தக் கயிற்றைக் கட்டிய கையில் பேரப்பிள்ளைகள் மீதான அச்சமும் பாசமும் இருக்கின்றன. அருகில் அமர்ந்து, பிள்ளைகளுக்கு ஓதி ஊதும் துஆக்களை அவர்கள் வாயாலேயே ஓதச் செய்து, செடியை அவர்கள் கையாலேயே தொட்டியில் நடச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை விரல்விட்டு மண்ணைப் பார்க்கும் பொறுப்பையும் அவர்களிடமே கொடுங்கள். முழங்கால் வலியோடு பெரிய தோட்டம் போட முடியாத முதியோருக்கு இந்த ஒரு தொட்டி ஏற்ற துணை. மாற்று மத அண்டை வீட்டார் வாசலில் என்ன கட்டியிருக்கிறார்கள் என்று கேலி பேசுவதும் நம் வேலையன்று. நாம் பேசுவது நம் வீட்டு வாசலைப் பற்றி மட்டுமே.

மக்தப் நடத்துவோருக்கும் ஒன்று சொல்வோம். பிள்ளைக்கு ஒரு தொட்டி என்று கற்றாழைக் கன்றைக் கொடுத்து, சகுனமும் தாயத்தும் பற்றிய பாடத்தை அந்தத் தொட்டியை முன்வைத்தே நடத்தலாம். முள்ளைக் கண்டு அஞ்சாமலும் செடியிடம் காவல் கேட்காமலும் வளரும் பிள்ளை, நாளை தன் வீட்டு வாசலில் எதையும் தொங்கவிடாது. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகிறது என்ற நபிமொழியைப் பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். தான் நட்ட செடியின் மடலைப் பக்கத்து வீட்டுப் பெண்மணி காய்ந்த கைக்குத் தடவ வாங்கிப்போகும்போதும் ஸதகாவின் நன்மையை அல்லாஹ்விடம் ஆதரவு வைக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தால், மனனம் செய்த ஹதீஸ் வாழ்க்கைக்குள் இறங்கிவிடும்.

இன்று அஸருக்குப் பின் சற்று நேரம் ஒதுக்குங்கள். ஒரு மண்தொட்டி, இரண்டு கை செம்மண், இரண்டு கை பெருமணல், சிறிது எரு, இவ்வளவுதான் தேவை. வாசலைப் பாதுகாக்கும் பொறுப்பை அதற்கு உரியவனிடம் ஒப்படைத்துவிட்டு, செடியைப் பாதுகாக்கும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொள்வோம்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும் இல்லத்தாரையும் கண்ணேறு உள்ளிட்ட எல்லாத் தீங்குகளிலிருந்தும் காத்தருள்வானாக! அவனையே சார்ந்திருக்கும் உறுதியையும், அவன் படைப்புகளிடம் அளவறிந்து நடக்கும் பக்குவத்தையும் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.